ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு வெள்ளைத்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும் இந்த ஜூன் மாதத்தில், பாடநூல், சீருடை, கல்விக் கட்டணம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளும் கடிதங்களும் தங்கள் நாளிதழில் நாள்தோறும் வருவதைப் படித்துவருகிறேன். அவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் படம் வரைவதற்கும், களிமண் பிசைவதற்கும், காகிதம் கிழித்து ஒட்டுவதற்கும் நம் தொடக்கப் பள்ளிகளில் என்ன இடம் இருக்கிறது என்று கேட்கும் கடிதம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. திருச்செந்தூருக்கு அருகே தேரிக்காடு என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஊர்களில் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக 2020இல் ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அதை நானே எழுதுகிறேன்.

என் தவறு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். இரண்டாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. கரும்பலகையில் ஒரு தென்னைமரம் வரைந்து, பழைய தேர்வுத்தாள்களின் பின்பக்கத்தைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னேன். முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் வரைந்தது என்னுடைய தென்னைமரம். என் கோடு எங்கே வளைந்ததோ அங்கே அவர்கள் கோடும் வளைந்திருந்தது. ஒரு பையன் மட்டும் பனைமரம் வரைந்திருந்தான். தூரில், ஏறுவதற்காகச் சாய்த்து வைத்த முருக்குத்தடி, பாதி மரத்தில் அவன் அப்பா, காலில் மரத்தைப் பற்றி ஏற உதவும் தளைநார், இடுப்பில் கருவிகள் வைக்கும் அருவாப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெளியே தெரியாது. அவன் படத்திலோ பாளை சீவும் அரிவாளும், பாளையை இடுக்கும் கட்டையும், சுண்ணாம்பும் பெட்டியின் சுவரைத் தாண்டித் தெரிந்தன. அப்பாவின் ஒரு கை உடம்பைவிட நீளமாக மேலே போய், தொங்கும் கலயத்தை எட்டிப் பிடித்திருந்தது. அரையாண்டுத் தேர்வில் 'பனை' என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுத முடியாத பையன் அவன். சொன்னதைச் செய்யவில்லை என்று நான் அந்தத் தாளில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அவன் அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கரும்பலகையைப் பார்த்து அச்சு அசலாக ஒரு மாம்பழம் வரைந்து கொடுத்தான். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் நான் வரைந்ததை மட்டுமே அவனும் வரைந்தான்.

அந்தத் தாளில் இருந்தது என்ன என்று எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார், உலகின் பல பகுதிகளிலிருந்து குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் திரட்டிப் பார்த்து, இரண்டு வயதுக் குழந்தையின் கிறுக்கலிலேயே இருபது அடிப்படைக் கோட்டு வகைகள் உண்டு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். நாம் கிறுக்கல் என்று ஒதுக்குகிற அந்தக் கோடுகள்தாம் மெல்ல மெல்ல வட்டமாகவும் சிலுவையாகவும் சேர்ந்து, நான்கு வயதில் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதனாக வடிவம் பெறுகின்றன. ஆறேழு வயதில் குழந்தை, கண்ணுக்குத் தெரிவதை வரைவதைவிடத் தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டுச் சுவர் இருந்தாலும் உள்ளே அடுப்படியில் நிற்கும் அம்மா தெரிவாள். எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். அப்பாவின் கை நீண்டிருந்ததற்கும், பெட்டிக்குள் இருந்த அரிவாள் வெளியே தெரிந்ததற்கும் காரணம் இதுதான். தன் வீட்டுத் தொழிலின் கருவிகளையும் அவை இருக்கும் இடத்தையும் ஒழுங்கு மாறாமல் மனத்தில் வைத்திருந்த ஒரு குழந்தை அன்று எனக்கு ஒரு முழுக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தது. எழுத்தாக இல்லாததால் நான் அதைப் படிக்கவில்லை.

வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யக் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கல்வியாளர், பிறகு அமெரிக்காவுக்குச் சென்று, அச்சிட்ட உருவத்துக்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்கள் குழந்தையின் சொந்தக் கோட்டின்மீது அதற்கே நம்பிக்கை இல்லாமல் செய்துவிடும் என்று 1940களிலேயே எழுதினார். நம் ஊர்க் கடைகளில் இன்றும் அதிகம் விற்பவை அந்தக் கலரிங் புத்தகங்கள்தாம். கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டினால் பாராட்டு, போனால் திட்டு. ஏழெட்டு வயதுக் குழந்தையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து எதையாவது வரை என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை என்று பத்தில் எட்டுக் குழந்தைகள் வரையும். எங்கள் ஊரைச் சுற்றி மலையும் இல்லை, ஆறும் இல்லை. செம்மண் தேரியும் பனையும் கடலுமாக இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த குழந்தை, கண்ணால் காணாத மலையை வரைந்துவிட்டு, வாசலில் நிற்கும் பனையை விட்டுவிடுகிறது. அது குழந்தையின் குறையன்று. அதற்கு நாங்கள் கற்பித்த பாடம்.

படத்தோடு நிற்கவில்லை விஷயம். பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் வெறும் குருத்தெலும்பாக இருந்து, பல ஆண்டுகள் கழித்தே ஒவ்வொன்றாக இறுகுகின்றன. மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்து இரட்டைக் கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். விரல் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் சாக்குச் சொல்கிறது என்கிறோம். களிமண்ணை உருட்டுவதும், செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டுவதும், குன்றிமணியைப் பொறுக்கி டப்பாவில் போடுவதும், ஈர மணலில் விரலால் கோலம் இழுப்பதும் எழுதுகோல் பிடிப்பதற்கு முன் விரல்களும் மணிக்கட்டும் செய்ய வேண்டிய பயிற்சிகள். இதை நம் பாட்டிமார் யாரும் நூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாவு பிசையும்போது அழுகிற பிள்ளையின் கையில் ஓர் உருண்டையைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அது பாம்பாக நீண்டது, பிறகு தட்டையாகி அப்பளமானது.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் நுங்குக் காலத்தில் வண்டி செய்வதை அருகே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். நுங்கு குடித்தபின் மிஞ்சும் பனங்காய், அதாவது கூந்தல், இரண்டை எடுத்து, நடுவே ஒரு குச்சியைச் செருகி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். துளை நடுவில் விழாவிட்டால் வண்டி நொண்டும். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு மதிய இடைவேளை முழுவதும் அந்த நொண்டலோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். குச்சியை மாற்றினாள், வண்டி நேராகவில்லை. கூந்தலைத் திருப்பிப் போட்டாள். இப்போது மறுபக்கம் நொண்டியது. பிறகு வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்போது எந்தப் பக்கம் கீழே வருகிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்து, அந்தப் பக்கத்துச் சதையை மட்டும் கல்லில் உரசித் தேய்த்தாள். மணி அடித்த பிறகுதான் வண்டி ஓடியது. கனமான பக்கம் கீழே வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பூவரச இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீயும், கருவேல முள்ளில் சுழலும் பனையோலைக் காத்தாடியும் இதே வகைதான். காத்தாடி சுற்றவில்லையென்றால் முள்ளின் துளை இறுகியிருக்கிறது, அல்லது காற்றுக்கு முகம் கொடுக்கவில்லை. இரண்டில் எது என்று குழந்தையே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி, கையை நீட்டி வாங்கித் தானே சரிசெய்து கொடுக்காமல் இருப்பதுதான்.

இதற்குப் பள்ளியில் என்ன ஏற்பாடு இருக்கிறது? பள்ளிகளில் என்ன, எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று வழிகாட்டும் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, கலைக்கல்வி எல்லா நிலைகளிலும் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கலைக்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் என்பது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டும், அதுவும் 100 குழந்தைகளுக்கு மேல் படித்தால்தான். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அந்த அட்டவணையில் கலை என்ற பேச்சே இல்லை. ஆசிரியரைப் பற்றிச் சொல்வது, 60 குழந்தைகள் வரை இரண்டு பேர், அதற்கு மேல் எண்ணிக்கைக்கு ஏற்ப என்பதோடு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி ஆகியவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் என்று நியமிக்கப்பட்டார்கள். அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைத் தங்கள் நாளிதழ் வாசகர்கள் அறிவார்கள். ஆக, குழந்தையின் கற்பனை பொங்கி வழிகிற வயதில் ஆசிரியர் இல்லை. இரண்டு மலையும் சூரியனும் மனத்தில் பதிந்து கெட்டியான பிறகு, அரைநாளுக்கு ஒருவர் வருகிறார்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும், குழந்தை பாட அட்டைகளை எடுத்துத் தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது என் வகுப்பறையும் மாறியது. சுவரின் அடியில் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை வைத்து, ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்தோம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் தொங்கவிட்டோம். 'இது என்னுடையது' என்று காட்டுவதற்காகவே அம்மாவைக் கைபிடித்து வகுப்புக்கு இழுத்துவந்த குழந்தைகளை நான் மறக்கவில்லை. நாளடைவில் அட்டைகளை முடிக்கும் வேகம் முக்கியமாகிவிட, பந்தலில் பழைய படங்கள் தூசி படிந்து தொங்கின. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டுக்கும் கதைக்கும் கைவேலைக்கும் இடம் இருக்கிறது. அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரிலேயே பாடத்திட்டம் இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு விலையில்லா கிரேயானும், மேல் வகுப்புகளுக்கு வண்ணப் பென்சிலும் வருகின்றன. ஆனால் கிரேயான் கொடுத்த கை தாளைக் கொடுக்கவில்லை, நேரத்தையும் கொடுக்கவில்லை. ஐந்து வகுப்புகளை இருவராகச் சமாளிக்கும் பள்ளியில், மதிய உணவுப் பதிவேடும் இணையவழிப் பதிவுகளும் முடிந்து ஆசிரியை நிமிரும்போது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை போயிருக்கும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தனியார் பள்ளிகளில் கைவேலைக்குக் குறைவில்லை என்பார்கள். அங்கே நடப்பது வேறு. உறவினர் வீட்டுக் குழந்தை ஒன்று, யு.கே.ஜி. படிக்கிறது. 'நமக்கு உதவுவோர்' என்ற தலைப்பில் மாதிரி செய்து வரவேண்டும் என்று பள்ளியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அப்பா கடைக்குப் போய்த் தெர்மாகோலும் சார்ட்டும் மினுமினுப்புத் தாளும் 380 ரூபாய்க்கு வாங்கி வந்தார். அம்மா இரவு பதினொன்றரை மணி வரை தபால்காரருக்குத் தொப்பி ஒட்டினாள். குழந்தை ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டது. தூங்குவதற்கு முன், பற்பசை வந்த அட்டைப்பெட்டியில் நான்கு சோடா மூடிகளை ஒட்டி, அதற்குள் ஒரு துணிக்கிளிப்பை நிறுத்தி, இது குப்பை எடுக்க வரும் அக்காவின் வண்டி என்று அது சொல்லியது. காலையில் அதையும் எடுத்துப்போக வேண்டும் என்றது. 'அது வேண்டாம் கண்ணு, அசிங்கமா இருக்கு. டீச்சர் ஏசுவாங்க' என்று அம்மா தெர்மாகோலைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அதற்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையைத் தானே யோசித்து, தானே செய்து முடித்தது அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதன் விடையைத்தான் அசிங்கம் என்று சொல்லிவிட்டோம்.

'படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?' என்ற கேள்வி பெற்றோர் கூட்டத்தில் எப்போதும் வரும். நான் ஓவியர்களை உருவாக்கச் சொல்லவில்லை. தன் படத்தைப் பற்றி நான்கு வாக்கியம் பேசிய குழந்தை, பிறகு அந்த நான்கு வாக்கியத்தை எழுத விரும்புகிறது. வகுப்பில் வாய் திறக்காத எத்தனையோ பிள்ளைகள் தாங்கள் வரைந்ததைக் காட்டித்தான் என்னிடம் முதலில் பேசினார்கள். கைவேலை என்றதும் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1953இல் ராஜாஜி ஆட்சியில், அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததும், குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதும் நம் மண்ணில் மறக்கக்கூடிய செய்தி அல்ல. அந்த எதிர்ப்பு நியாயமானது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. பனையேறியின் மகன் பனையேறியாக வேண்டும் என்பதற்காக அல்ல, டாக்டர் வீட்டுப் பிள்ளையும் பனையேறி வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து ஓலைக் காத்தாடி முடைய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் பெரிய செலவு வைப்பதன்று. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் நாள்தோறும் ஒரு பாடவேளையும், மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு மூன்று பாடவேளைகளும் படத்துக்கும் கைவேலைக்கும் என்று கால அட்டவணையில் எழுதி, வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆணையிட வேண்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஓவிய ஆசிரியர் கேட்டால் நடக்காது என்று எனக்குத் தெரியும். அருகருகே உள்ள பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கவனிக்கும் ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒருவரை முழு நேரமாக, முறையான ஊதியத்தில் நியமித்து, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு முறைவைத்துப் போகச் செய்யலாம். பள்ளி மானியத்தில் வெள்ளைத்தாளுக்கும் பசைக்கும் முனை மழுங்கிய கத்தரிக்கோலுக்கும் என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டால், பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தைத் தேட வேண்டியிராது. மற்றவை ஊரிலேயே இருக்கின்றன. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. கோவை இலையைக் கசக்கினால் பச்சை. எங்கள் தேரி மணலைப் பசைமேல் தூவினால் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு செந்நிறம். மணப்பாட்டுப் பக்கம் பனையோலையில் பெட்டி முடையும் பெண்களை மாதத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, அதற்குரிய கூலி கொடுத்துக் கற்பிக்கச் சொல்லலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் போட்டியும் பரிசும் வேண்டாம். ஒருவருக்குப் பரிசு கொடுத்தால், மறுவாரம் இருபது பேர் பரிசு பெற்ற படத்தையே வரைகிறார்கள்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தை படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது, 'இது என்ன?' என்று கேட்காதீர்கள். 'இதைப் பற்றிச் சொல்லு' என்று சொல்லிவிட்டு, அது சொல்லி முடிக்கும் வரை கைப்பேசியைக் கீழே வையுங்கள். யானைக்கு ஏன் நீலம் என்று திருத்தாதீர்கள். பென்சிலை வாங்கிக் காதையும் வாலையும் நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் வெளியாகும் படங்களில் பல, பெரியவர்கள் கை வைத்துத் திருத்தியவை என்பது பார்த்ததுமே தெரிகிறது. பெற்றோரும் ஆசிரியரும் தொடாத படங்களை மட்டுமே ஏற்போம் என்று அறிவித்து, ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக அரைப் பக்கம் ஒதுக்கித் தாருங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் வேண்டாம். படத்தின் கீழே குழந்தையின் வயதையும், அந்தப் படத்தைப் பற்றி அது சொன்ன ஒரு வரியையும் அது சொன்ன சொற்களிலேயே போட்டால் போதும். எங்கள் ஒன்றியத்தில் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஆறு பேர் இருக்கிறோம். வாரந்தோறும் பள்ளிகளுக்குச் சென்று, குழந்தைகளோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை எழுதிப் படங்களோடு அனுப்பிவைக்கும் வேலையை நாங்கள் செய்து தருகிறோம். தாங்கள் இசைந்தால், ஜூலை முதல் வாரத்திலேயே முதல் கட்டு வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
உடன்குடி ஒன்றியம், தூத்துக்குடி மாவட்டம்.